கல் ஸே டிக் டிக்

போன வாரம் இந்தத் தீவின் ஷாதிபூர் ஏற்றத்தில் ஒரு பேட்டரி ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். ஏற்றத்தில் நிதானமாக, சமதளத்தில் விரைவாக. ஓட்டியவர் தெலுங்குக்காரர், வண்டி புதிது. மோட்டாரே போய்விட்டதோ என்று அவர் முகம் வாடிவிட்டது.

"மோட்டார் கயா க்யா, அங்கிள்?"

நிறுத்தி, பின் டயரைப் பார்க்கச் சொன்னேன். டயர் பட்டைகளுக்கு நடுவே ஒரு சல்லிக்கல் சிக்கியிருந்தது. சாவியாலேயே நெம்பி எடுத்துப் போட்டார். "கல்தான்" என்று வாய் தவறித் தமிழில் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பல வருஷங்களுக்கு முன்னால் நிமாய் என்ற லாரி டிரைவர் என்னை அப்படித்தான் பார்த்தார்.

அப்போது நான் ஜிர்காடாங் கேட்டுக்குச் சற்று முன்னால், சாலையோரத் தகரக் கொட்டகை ஒன்றில் லாரி மெக்கானிக். எட்டாவதைப் பாதியில் விட்டவன். பரமக்குடியில் சைக்கிள் கடை, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை, தூத்துக்குடியில் லாரி ஷெட் என்று எங்கேயும் நிலையாக உட்காராமல் கடைசியில் கப்பலேறியிருந்தேன். கடலைத் தாண்டினால் வேறு ஆளாகிவிடலாம் என்று நினைப்பு. இறங்கிய மறுநாளே அதே ஸ்பேனர், அதே கறுப்பு ஆயில். படுக்கை லாரிக்கு அடியில். மழை வந்தால் அட்டைப்பூச்சியும் கூடவே படுத்துக்கொள்ளும்.

கூட வேலை செய்தவன் செல்லையா, என் வயதுதான். அவன் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேறியது. அவனுக்குத் தீவின் இந்தி தண்ணீர் பட்டபாடு. எனக்கு இருந்ததெல்லாம் காது. இன்ஜின் சொல்வது புரியும், அதை ஓட்டி வந்தவர் சொல்வது புரியாது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜாரவா பழங்குடிகளின் காடு. வண்டிகள் குறித்த நேரத்தில் வரிசையாக, போலீஸ் துணையுடன்தான் போக முடியும். உள்ளே நிறுத்தக் கூடாது. அதனால் கேட்டுக்கு வரும் டிரைவர்கள் எல்லோரும் கர்ப்பிணியை அழைத்து வந்தவர்கள் போல வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று காலை நிமாய் வந்து நின்றார். காட்டுக்கு அப்பால் பாராடாங்கில் வீடுள்ள வங்காளி. பழைய ஆறு சிலிண்டர் லாரி, பின்னால் கூரைத் தகடுகள். அவர் வீட்டுக் கூரைதான் அது. துருப்பிடித்த பழைய தகரத்தை இறக்கிவிட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தார்ப்பாயின் கீழ் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்குள் தகடு போய்ச் சேர வேண்டும். கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

செல்லையா டீக்குப் பால் வாங்கப் போயிருந்த நேரம். நிமாய் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, "கல் ஸே டிக் டிக் கர்தா ஹை, பாய்" என்றார்.

எனக்குக் கல் என்றால் கல். கல்லால் டிக் டிக் என்கிறது, இதற்கு என்ன விளக்கம் வேண்டும்? கம்பியை எடுத்துக்கொண்டு டயர் டயராகக் குடைந்தேன். லாரி டயரில் கல் இல்லாமல் இருக்குமா? ஒரு கை நிறையக் கிடைத்தது. அவரிடம் நீட்டி, எனக்குத் தெரிந்த இந்தியில் பெருமையாகச் சொன்னேன்: "கல் நிகால் தியா."

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார். அதற்குள் காலை வரிசை கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

பாலோடு வந்த செல்லையா விஷயத்தைக் கேட்டதும் தூக்கைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தான். "ஏய் மெயின்லேண்டு மாப்ள, கல்லுன்னா நேத்துடா. நேத்துலேருந்து சத்தம் கேக்குதுங்கிறாரு. நீ நேத்தையே பிடுங்கிட்டேன்னு சொல்லியிருக்க."

"நேத்துக்கு இந்தியில என்ன?"

"கல்."

"நாளைக்கு?"

"அதுவும் கல்லுதான்."

"அப்ப இவங்க எப்படிடா கப்பலுக்கு டிக்கெட் எடுக்குறாங்க?"

நிமாய் இன்ஜினை ஓட விட்டார். நின்ற வண்டியிலேயே டிக் டிக். நீண்ட திருப்புளியின் நுனியை மேல் மூடியில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தேன். மூன்றாவது சிலிண்டருக்கு மேலே பலமாகக் கேட்டது. டீசல் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தோம். எந்தச் சிலிண்டரை நிறுத்தினாலும் சத்தம் மாறவில்லை. அப்படியென்றால் பிஸ்டனோ ராடோ அல்ல, வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பட்.

செல்லையா நிமாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "கல் க்யா கியா?"

நேற்று தகடு ஏற்றக் காத்திருந்த நேரத்தில், தெரிந்த ஒருவரை விட்டு டேப்பட் இடைவெளியைச் சரிபார்த்தாராம். ஆக, கல் என்ற அந்தச் சொல்லிலேயே நோயும் இருந்தது. மூடியைத் திறந்தோம். மூன்றாவதன் புகை வால்வை அழுத்தும் ராக்கரில், ஸ்க்ரூவை அசையாமல் பிடிக்க வேண்டிய லாக் நட்டு விரலுக்கே சுழன்றது. டேப்பட் வைத்தவர் அதை முறுக்க மறந்திருக்கிறார். இப்படியே போயிருந்தால் தள்ளுகம்பி நழுவி, வண்டி காட்டுக்கு நடுவில் நின்றிருக்கும்.

ஆனால் அந்த இன்ஜினுக்கு ஆறின பிறகுதான் இடைவெளி வைக்க வேண்டும். சூட்டில் இரும்பு நீண்டிருக்கும், அளவு பொய் சொல்லும். அன்று மிச்சமிருந்தது மதிய வரிசை ஒன்றுதான். நிமாய் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைப்பார், மேகத்தைப் பார்ப்பார், மறுபடி வைப்பார். ஒரு கட்டத்தில் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பானி டாலூங், பாய்?"

"ஐயோ தாதா, ஹெட்டு வெடிச்சிரும். பைட்டோ, பைட்டோ" என்று செல்லையா வாளியைப் பிடுங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

உட்கார்ந்தோம். உப்புக்காற்றில் அங்கே எல்லாமே துருப்பிடிக்கும். டேப்பட் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகளைத் தேங்காய் எண்ணெயில் நனைத்த துணியில் சுற்றித்தான் வைத்திருப்போம். இன்றைக்கும் பஸ்ஸில் எண்ணெய் வைத்த தலை பக்கத்தில் வந்தால் எனக்கு டேப்பட் ஞாபகம்தான் வரும். இதை ஒருமுறை என் மனைவியிடம் ஆசையாகச் சொல்லப்போய், சில நாள் ஹோட்டலில் சாப்பிட்டேன்.

கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே இறங்கி இரும்பு சில்லிட்டதும் ஆரம்பித்தோம். செல்லையா முன்னால் கிராங்க்கைச் சுற்றினான். வால்வு முழுதாக மூடிய நிலையில் தகட்டை நுழைத்து, வெண்ணெயில் கத்தி போவது போல லேசாகப் பிடித்து இழுக்கும்வரை ஸ்க்ரூவைத் திருப்பி, அது அசையாமல் திருப்புளியால் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கினேன். முறுக்கியதும் மறுபடி தகடு. மூன்றாவதோடு விடவில்லை, மற்றதையும் பார்த்தோம்.

ஓட விட்டதும் மிக மெல்லிய சத்தம் ஒன்று மிச்சமிருந்தது. நிமாய்க்கு அதுவும் ஆகவில்லை. "பூரா சுப் கர் தோ." முழுக்க வாயை மூடச் சொன்னார்.

இடைவெளியை இன்னும் குறைத்தால் சத்தம் அடங்கிவிடும். ஆனால் வால்வு மூடாமல் நெருப்பு கசிந்து அதையே தின்றுவிடும். இதையெல்லாம் இந்தியில் சொல்ல என்னால் ஆகுமா? செல்லையாதான் சொன்னான். நிமாய் கொஞ்ச நேரம் இன்ஜினைக் கேட்டுக்கொண்டு நின்றார். "மேரா கர் ஜைசா. பீவி சுப், தோ கத்ரா" என்றார். மனைவி பேசாமல் இருந்தால்தான் அவர் வீட்டிலும் ஆபத்தாம்.

வண்டியில் ஏறி, என்னைப் பார்த்துச் சிரிக்காமல், "கல் ஆவூங்கா" என்றார்.

"இது நாளைடா" என்றான் செல்லையா.

கேட்டை அடைப்பதற்குள் கடைசி ஆளாக உள்ளே போய்விட்டார். சாயங்காலம் மழை பிடித்தது. எங்கள் கொட்டகையில் வழக்கமாக ஒழுகும் இடங்களில் ஒழுகியது. அந்தக் காலத்தில் பாராடாங்குக்குப் போனில் பேசிக் கேட்க வழியில்லை.

மறுநாள் வரிசையில் திரும்பி வந்த லாரி ஒன்று எங்கள் முன்னால் ஒதுங்கி நின்றது. நிமாய் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு வாழைத்தாரை இறக்கினார். அண்டை வீட்டார் எல்லோரும் ஏறி, மழைக்குள்ளேயே தகடு அடித்தார்களாம்.

"பச்சே சூக்கா ஸோயா" என்றார்.

இதற்குச் செல்லையா தேவைப்படவில்லை. பிள்ளைகள் நனையாமல் தூங்கியிருக்கிறார்கள். அவருக்கு அடியில் இன்ஜின் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. அந்த இடத்தில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். செல்லையா கோயம்புத்தூர் பக்கம் போனான் என்று கேள்வி. அந்த வகை லாரிகளும் பழைய இரும்பாகிக் கப்பலேறிவிட்டன. புதியவற்றில் ஒயரைச் செருகினால் பழுது திரையில் எழுத்தாக வருகிறது. டிரைவரை யாரும் நேற்று என்ன செய்தாய் என்று கேட்பதில்லை.

அந்தத் தெலுங்குக்காரரிடம் இதையெல்லாம் சொல்ல நினைத்தேன். அதற்குள் என் இடம் வந்துவிட்டது. இறங்கி நின்று, போகும் ஆட்டோவைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. இந்த வண்டிகளில் டிக் டிக் என்றால் அது வெறும் கல்தான்.