சுண்ணாம்புத் தொட்டியில் ஒரு கோயில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் வேலூரில் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறைக்கு ஆம்பூரில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். மாமா தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்திருந்தார். மலைக்காட்டில் ஒரு பாழடைந்த கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒருநாள் விடியும் முன்பே தனியாகக் கிளம்பினேன். கல்வெட்டு என்றால் எனக்கு அப்போது அப்படி ஒரு பைத்தியம்.

முள்ளில் கிழிபட்டு உச்சிவேளையில் போய்ச் சேர்ந்தேன். மண்டபம் சரிந்து கிடந்தது. கருவறைச் சுவர் மட்டும் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கத்தி நுழையாதபடி நின்றது. உள்ளே லிங்கத்தின் தலையில் வாடாத ஆவாரம்பூ. பக்கத்துச் சுவர்க் கல்லில் விளக்கு வைத்த எண்ணெய்க் கறை.

"இன்னா சாமி, வழி தவறிட்டீங்களா?"

பின்னால் ஒரு பெண், தலையில் பட்டைக் கட்டோடு நின்றாள். தோல் ஊறவைக்க ஆவாரம்பட்டை உரித்துத் தருபவள். தண்ணீர் கேட்டேன். கொடுக்க அவள் தயங்கினாள். வாங்க நானும் தயங்கினேன். தாகம் ஜெயித்தது.

பூ வைத்தது அவள்தான். "ஊர்க் கோயில்ல எங்கள வாசலோட நிறுத்திடுவாங்க. இங்க கதவும் இல்ல, பூசாரியும் இல்ல. இவரு இதுவரைக்கும் இன்னா சாதின்னு என்னைக் கேக்கல" என்று சிரித்தாள்.

நான் கல்வெட்டை நோட்டில் பிரதி எடுக்க எடுக்க அவள் முகம் மாறியது.

"ஊர்ல சொல்லிடாதீங்க சாமி. சொன்னா பூசாரி வருவான், பின்னாலயே பூட்டு வரும்."

லிங்கத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

அன்று இரவே சாப்பாட்டு இலையின் முன்னால் பெருமையடித்துக்கொண்டேன். கத்தி நுழையாத சுவர் என்றதும் மாமா நிமிர்ந்தார்.

"அப்ப தண்ணியும் ஒழுகாதுடா மாப்ளே! தோல் ஊறப் போடற சுண்ணாம்புத் தொட்டிக்கு நல்ல கல்லு கிடைக்காம பேஜாரா இருக்கு. வண்டிக்கு வழி காட்டு."

என் படிப்பு அவர் தயவில் நடந்தது. அதைச் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. மறுத்திருந்தால் நாலு திட்டு திட்டியிருப்பார், அவ்வளவுதான். நான் வழி காட்டினேன். பூசாரி வரவில்லை, பூட்டும் வரவில்லை, மாட்டுவண்டிகள் வந்தன. லிங்கத்தைத் தொட மட்டும் வண்டிக்காரர்கள் பயந்தார்கள். அது வெட்டவெளியில் நின்றது.

விடுமுறை முடியும் சமயத்தில் பட்டைக் கட்டோடு அவள் தொழிற்சாலைக்கு வந்தாள். புதிய சுண்ணாம்புத் தொட்டியில் தோல்கள் ஊறிக்கொண்டிருந்தன. விளிம்புக் கல் ஒன்றில் அந்த எண்ணெய்க் கறை. கட்டை இறக்கிவைத்து, அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"வெயில் படுதேன்னு சாமிக்கு ஓலை போட்டு வச்சிருக்கேன்" என்றாள் மெதுவாக. "அதையாவது சொல்லாம இருங்க."

இப்போது எனக்கு எண்பது வயதாகிறது. அந்த ஓலைக் கூரையைப் பற்றி இன்றுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அது எந்த மலை என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறேன், ஏனென்றால் அவளுக்கு நான் காப்பாற்றிக் கொடுக்க இனி மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.