கவுண்டிப் பெட்டியில் ஒரு துளை

இங்கே, அமெரிக்காவின் நியூஜெர்சியில், பழைய கோர்ட்டுக் கட்டைப் பார்க்க வருகிறவரிடம், "உங்களுக்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாரும் கேட்பதில்லை. அரைக்கால் சட்டையோடு வந்த ஒருவர் நூறாண்டுக்கு முந்தைய வழக்கு ஒன்றைக் கேட்டார். எதற்காக என்று நான் பழக்கதோஷத்தில் விசாரித்தேன். "சும்மா, ஆர்வம்தான்" என்று சிரித்தார். கவுண்டியின், நம் ஊர்க் கணக்கில் மாவட்டத்தின், ஆவணக் காப்பகத்தை நடத்தும் டயான் என்னைத் தனியே அழைத்து, அந்தக் கேள்வி இங்கே கிடையாது, தாள்கள் மக்களுடையவை, நாம் பார்த்துக்கொள்கிறவர்கள் மட்டும்தான் என்றார். அன்று முழுவதும் அந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சார்பு நீதிமன்றத்தில் ரெக்கார்டு ரூமைப் பொறுப்பில் வைத்திருந்தவன். மனைவி தவறிப்போன பிறகு, கிரீன் கார்டில் பிரிட்ஜ்வாட்டருக்கு மகள் கவிதாவின் வீட்டுக்கு வந்தேன். கோயிலுக்குப் போகக்கூட யாராவது கார் எடுக்க வேண்டிய ஊர். "வீட்லயே உக்காந்து வாட்ஸப் பாத்துட்டிருக்காதீங்கப்பா. வாலன்டியர் பண்ணுங்க, வியாழக்கிழமை நான் டிராப் பண்றேன்" என்று அவள்தான் காப்பகத்தில் சேர்த்துவிட்டாள். மூன்றாக மடித்து நாடா கட்டிய வழக்குத் தாள்களைப் பிரிப்பது, துருவேறிய குண்டூசிகளை நீக்குவது, கனம் வைத்து நிமிர்த்தி உறையில் இடுவது, இதுதான் வேலை. வேலி தகராறு, பாகத் தகராறு, ஜீவனாம்சம். மொழிதான் வேறு, சண்டை எல்லாம் நம் ஊர்ச் சண்டைதான்.

ஒரு வியாழன், வேலிக்காக மோதிக்கொண்ட அண்ணன் தம்பி வழக்கு என் கைக்கு வந்தது. தாள்கள் நழுவி நழுவிப் போயின. நம் அலுவலகங்களில் நாலு தாள் சேர்ந்து கிடந்தால் கை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்: மூலையில் துளை போட்டு டேக் கோக்கும். இங்கே, மை பட்டுவிடும் என்று, பேனாவைக்கூட வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சட்டைப்பையில் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த குத்தூசியை ஒருவரும் கவனிக்கவில்லை. இடது மூலையில் வைத்து ஓர் அழுத்து. கோத்துக் கட்ட டேக் நூலைத் தேடியபோதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அத்தனை காலம் பிழைத்துக் கிடந்த தாள்களில் என் துளை.

டயான் பக்கத்து அறையில் இருந்தார். கட்டின் நடுவில் செருகி மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. கை அதற்குத் தயாராகவும் இருந்தது, ஏனென்றால் அதற்கு முன்னனுபவம் உண்டு.

ஊரில், ஒரு மழைக்காலத்தில், ஒழுகும் சன்னலுக்குக் கீழே தரையில் ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்டை வைத்துவிட்டு விடுப்பில் போனேன். திரும்பியபோது அது கூழாகக் கிடந்தது. அள்ளி வெளியே போட்டேன். மேலிடத்துக்கு எழுதவில்லை. அப்பா வீட்டில் தன் பங்குக்காக வழக்காடி ஜெயித்த கோமதியம்மாள், தீர்ப்பு நகல் கேட்டு வந்தார். "தேடிக்கிட்டிருக்கோம்மா, அடுத்த வாரம் வாங்க" என்றேன். வந்தார். மறுபடியும் அதையே சொன்னேன். "நாலு சுவத்துக்குள்ள கெடந்த கட்டு, கால் மொளைச்சா போவும்?" என்று ஒருநாள் எல்லோர் முன்பும் கேட்டார். கட்டு அழிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தால் வேறு பிரதிகளை வைத்து ஆவணத்தை மீட்டுருவாக்கக் கேட்டு அவர் மனு போட்டிருக்கலாம். எழுதிக் கொடுத்தால் என் வேலைக்கு ஆபத்து. ஓய்வு பெறும்வரை தேடிக்கொண்டே இருந்தேன். நகல் இல்லாமல் அவரால் தன் பங்கை வாங்க முடியவில்லை; அந்த வீட்டில் அவருடைய தம்பி குடும்பம் இருந்துகொண்டே இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு டயானிடம் போனேன். அவர் துளையை விளக்கில் காட்டிப் பார்த்தார். "என் விளக்கத்தை எப்போது தர வேண்டும்?" என்று கேட்டேன். நம் ஊர்க் குற்றச்சாட்டு மெமோவை மனதில் வைத்துத்தான் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. ஒரு சிறு தாளில், இடது மூலைத் துளை இந்த ஆண்டு தன்னார்வலரால் நேர்ந்தது என்று பென்சிலால் எழுதி, என் கையெழுத்தை வாங்கி, அதே உறையில் வைத்தார். "தாளுக்கு நடந்ததும் தாளின் வரலாறுதான்" என்றார். பிறகு கை நீட்டி, "அந்த ஊசியைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வியாழன் வருவீர்கள் அல்லவா?"

அவ்வளவுதான். காரில் நான் அழுததைப் பார்த்துக் கவிதா வண்டியை ஓரம் கட்டினாள். அவளிடம் கோமதியம்மாளைப் பற்றிச் சொன்னேன், நடந்ததை எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"இப்ப போய் எதுக்குப்பா? பென்ஷன்ல கை வெச்சா? ஊருக்குப் போனா ஏர்போர்ட்லயே பிடிச்சு வெச்சுப்பாங்களா?"

"வெக்கட்டும்."

வண்டியை மறுபடி எடுத்தாள். பிறகு, "என் பேங்க்ல நோட்டரி இருக்காங்க, நீங்க எழுதறதுக்கு சீல் போட்டுத் தருவாங்க. அபாயின்ட்மென்ட் எடுக்கறேன்" என்றாள்.

என்னிடம் ஜூனியராக இருந்த சண்முகம் ஊரில் விசாரித்துக் கோமதியம்மாளின் எண்ணை வாங்கித் தந்தார். பயந்துகொண்டேதான் அழைத்தேன். மழை, சன்னல், கூழ், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மறுமுனையில் மிக்ஸி ஓடி நின்றது.

"கட்டுக்குத்தான் கால் மொளைச்சிட்டுன்னு நெனச்சேன். கட்டை வச்சிருந்தவருக்கும்லா மொளைச்சு அமெரிக்கா வரைக்கும் போயிருக்கு!" என்றார் கோமதியம்மாள். பிறகு அவர் குரல் மாறியது. "எத்தன படி ஏறி எறங்கியிருப்பேன், ஐயா. மன்னிச்சிட்டேன்னுலாம் எங்கிட்ட எதிர்பாக்காதிய. நடந்தத எழுதிக் குடுங்க. வக்கீல் வீட்ல பழைய நகல் கெடக்குங்காவ. நான் பாத்துக்கிடுதேன்."

எழுதிக் கொடுத்தேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. நோட்டரிப் பெண் புடைப்பு முத்திரையை அழுத்தினாள். போன வாரம் சண்முகம் பேசினார்: "கோமதியம்மா மனுவ கோர்ட்டுல ஏத்துக்கிட்டாவ, நம்பராயிட்டு, அண்ணாச்சி. ஒங்க வாக்குமூலத்தையும் கட்டுல சேத்தாச்சு."

எப்படிச் சேர்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இளநிலை எழுத்தர் ஒருவர் தாளைத் தட்டி நேராக்கி, நியூஜெர்சி முத்திரைக்குப் பக்கத்திலேயே குத்தூசியை இறக்கி, டேக் கோத்து முடிச்சுப் போட்டிருப்பார். மழை படாத தட்டில் வைக்கும்படி சண்முகத்திடம் சொல்லியிருக்கிறேன். நாளை வியாழன். வாசலில் பேனாவைக் கொடுத்துவிட்டு, பென்சில் வாங்கிக்கொண்டு உள்ளே போவேன்.