படத்துக்கு வெளியே நின்ற கூரை

எங்கள் நூர்பூர்த் தீவில் மொர்ஜினாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. புயல் எச்சரிக்கைத் தொண்டர் என்று அவளுக்குக் கையில் பிடிக்கும் மைக் ஒன்று கொடுத்திருந்தார்கள். அவளுக்கு எதற்கு மைக் என்று நாங்கள் சிரிப்போம். அபாயக் கொடி ஏறிவிட்டால் வீடுவீடாகப் போய், "கோழியக் கட்டிக்கிட்டு அழுவுறியே, கோழியா உனக்குக் கபர் தோண்டப்போவுது? எழுந்து நடடீ" என்று திட்டியே எல்லோரையும் கரைமேட்டுக்கு ஓட்டிவிடுவாள்.

அந்தப் பெரிய புயலன்றும் அப்படித்தான் ஓட்டினாள். மொக்லேஸின் மனைவி ரூபிக்கு மட்டும் நிறைமாதம், நடக்க முடியவில்லை. கடைசியாக அவளைத் தூக்கி வர ஆள் கூட்டிக்கொண்டு மொர்ஜினா கிளம்பும்போது கரை உடைந்துவிட்டது. விடிந்தபோது நாங்கள் மிஞ்சியிருந்த மேட்டில் நின்றோம். எதிரே, சுழித்தோடும் தண்ணீருக்கு அந்தப் பக்கம், தகரக் கூரைமேல் ரூபியும் அவள் மாமியாரும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மொக்லேஸ் சிட்டகாங்கில் கப்பல் உடைக்கும் வேலையில் இருந்தான்.

முதல் விசைப்படகு அரிசிப் பொட்டலங்களோடு வந்தது. அதில் கழுத்தில் கேமரா தொங்க ஓர் இளைஞன். மொர்ஜினா மார்பளவு தண்ணீரில் குதித்தாள். "இங்க வராதீங்க! நாங்க நிக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் வேணாம்! கூரைக்குப் போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எங்கள் பக்கம் மனிதரை விரல் நீட்டிக் காட்டுவது மரியாதையில்லை. உள்ளங்கையை விரித்துத்தான் காட்டுவோம். அவளும் அப்படித்தான் காட்டினாள். உப்புத் தண்ணீர் பட்டு அவள் கண்ணெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. மோட்டார் இரைச்சலில் படகுக்காரர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. நேரே எங்களிடம் வந்து பொட்டலங்களை எறிந்தார்கள். அவள் படகின் விளிம்பைப் பிடித்து உலுக்கிச் சொன்ன பிறகுதான் திரும்பினார்கள். அதற்குள் கூரை சரிந்துவிட்டது. மாமியார் ஒரு மரத்தைப் பிடித்துத் தப்பினாள். ரூபியைச் சதுப்புச் செடிகளுக்குள்ளிருந்து எடுத்தோம்.

அந்தப் படகு இளைஞன் எடுத்த படம் வெளிவந்ததை எங்களுக்குக் காட்டியவனே மொக்லேஸ்தான். மனைவியைப் புதைத்த மண் காயாத நேரம், கைப்பேசியை நீட்டினான். மொர்ஜினா வாயைத் திறந்து அழுகிறாள். கை நீண்டிருக்கிறது. பின்னால் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. அடியில், "ஒரு பிடி அரிசிக்காக" என்று போட்டிருந்தது.

அந்தப் படத்துக்கு வெளிநாட்டில் பரிசு கிடைத்தது. டாக்காவில் தெருமுனைகளில் பெரிதாக வைத்தார்கள். எங்கள் சந்தையில் மீன்காரன் ஒருவன், "சாச்சி, உலகம் பூரா கையேந்திட்டு வந்தீங்களே, எங்களுக்கும் ஒரு மூட்டை வாங்கிட்டு வரக்கூடாதா?" என்றான். வேறொரு நாளாக இருந்தால் அவன் கூடையே ஆற்றில் போயிருக்கும். அன்று மொர்ஜினா பேசாமல் திரும்பி வந்துவிட்டாள். அதன்பிறகு சந்தைக்கே போகவில்லை.

படம் எடுத்த அந்தப் பையனின் படங்களை டாக்காவில் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு லாஞ்ச் ஏறினாள். அவன் பெயர் நஃபீஸ். அவளைப் பார்த்ததும் ஓடிவந்து காலைத் தொட்டான். கெட்ட பையன் இல்லை, அதுதான் எங்களுக்குச் சங்கடம்.

"நான் எதையும் ஜோடிச்சு எடுக்கலைம்மா. நீங்க அழுதீங்க, கை நீட்டுனீங்க. என் கண்ணுக்கு அப்படித்தான் பட்டுச்சு."

"உன் கண்ணுக்குப் பட்டது சரி தம்பி. என் வாய் என்ன சொல்லுச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. உள்ளே போய்க் கணினியைத் திறந்து, வெட்டுவதற்கு முந்திய முழுப்படத்தைக் காட்டினான். இடது ஓரத்தில் சாய்ந்த தகரக் கூரை. அதன்மேல் கருப்பாக இரண்டு புள்ளிகள்.

"ஏன் வெட்டினே?"

"ஏதோ ஒதுங்குன குப்பைன்னு நெனச்சேன். பார்க்கிறவங்க கண்ணு உங்க முகத்த விட்டு அங்க போயிடும்னு..."

"அது ரூபி" என்றாள் மொர்ஜினா.

நஃபீஸ் அழுதான். முழுப்படத்தையும் உண்மையையும் எல்லோருக்கும் அனுப்புவதாகச் சொன்னான், அனுப்பவும் செய்தான். ஒரே ஒரு பத்திரிகை உள்பக்கத்தில் சிறிதாகப் போட்டது. முழுப்படத்தில் எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்களாம். எங்கள் தீவில் புயல் காப்பகம் கட்ட நிதி திரட்டிக்கொண்டிருந்த தொண்டு நிறுவனமோ, "இந்தக் கையப் பார்த்துத்தான் எல்லாரும் குடுத்திருக்காங்க. இப்போ கதைய மாத்தினா ஒரு செங்கல்கூட வராது" என்று வாயை அடைத்துவிட்டது.

காப்பகம் எழுந்தது. நல்ல உறுதியான கட்டடம். கூடத்துச் சுவரில் அதே வெட்டிய படத்தை ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். மொக்லேஸாவது கோபப்படுவான், அதைப் பிடுங்கி எறிவான் என்று மொர்ஜினா எதிர்பார்த்தாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இருக்கட்டும் சாச்சி. இந்தக் கட்டடம் அன்னைக்கு இருந்திருந்தா ரூபி பொழச்சிருப்பா. எந்தப் படத்தைக் காட்டிக் கட்டுனா என்ன?"

மொர்ஜினா வீட்டுக்குக் கிளம்பினாள். அவன் சொன்னதில் தப்பு என்ன என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்கும் தெரியவில்லை.

அடுத்த புயல் வந்தபோது பழையபடி திட்டித் திட்டி எல்லோரையும் காப்பகத்துக்குள் அடைத்தாள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. தண்ணீர் வடிந்த காலையில் நிவாரணப் படகு வந்தது, அதில் கேமராவோடு வேறொருவன். அவன் கேமராவைத் தூக்கியதுதான் தாமதம், யாரும் சொல்லாமலே எங்கள் பெண்கள் எல்லோரும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு கையை நீட்டினார்கள். மொக்லேஸும் நீட்டினான்.

"டேய், கையக் கீழ போடுடா. ராத்திரி வயிறு நெறைய கிச்சடி தின்னுட்டுத்தானே படுத்தே?" என்றாள் மொர்ஜினா.

"சும்மா இருங்க சாச்சி. படம் நல்லா வந்தாத்தான் தகரம் குடுப்பாங்க. நீங்களும் நீட்டுங்க, உங்களுக்குத் தெரியாததா?"

அவள் இரண்டு கைகளையும் சேலைக்குள் மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கூட்டத்தின் நடுவே அசையாமல் நின்றாள். கேமராக்காரன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னான்:

"அந்தம்மா மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? படத்துல இடிக்குது."