ஜன்னலில் வைத்த பலாப்பழம்

கொல்லிமலைக்காரர் ஒருவரின் பலாப்பழங்களை வேண்டுமென்றே ரயிலில் ஏற்றாமல் வெயிலில் அழுகவிட்டேன். அப்போது நான் பார்சல் குமாஸ்தா.

"ஏனுங்க, தராசு முள்ளாவது அசையுது, நீங்க அசைய மாட்டீங்களாட்ட இருக்குதே!" என்று எல்லோர் முன்னும் சிரித்தாரே, அதற்குப் பழி.

இடக்கண்ணை இடுக்கிப் பார்க்கும் அந்த நெடிய மனிதர் சண்டைக்கு வரவில்லை. அந்தப் பருவம் முழுதும், சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் அழுகிய பழம் ஒன்றைச் சுமந்து வந்து என் பார்சல் ஆபீஸ் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். அந்த நாற்றத்தில் எனக்குச் சோறு இறங்காது.

மன்னிப்புக் கேட்க மலைமேல் அவர் ஊரான வாழவந்தி நாட்டுக்கே ஏறிப் போனேன். பாய் விரித்து, பலாச்சுளையில் தேன் ஊற்றி, "சாப்புடுங்க சாமி" என்றார். கோபம் தீர்ந்ததென்று நிம்மதியாக இறங்கினேன்.

மறுவாரமும் ஜன்னலில் அழுகல் பழம்.

"அன்னிக்கு அவ்வளவு உபசாரம் பண்ணினீங்களே?" என்றேன்.

"அது ஊட்டுக்கு வந்தவருக்குங்க. டேசன்காரருக்கு இதுதான்."