அட்டை ஆட்டோவுக்கு ஆயுதபூஜை

என் வலது கையைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது. மடங்கும், நீளும், டம்ளரைப் பிடிக்கும். பிடித்த டம்ளர் சூடா ஜில்லா என்று கேட்டால்தான் அதற்குத் தெரியாது. போன கோடையில், தேனாம்பேட்டை சிக்னலில் சவாரியோடு நின்றுகொண்டிருந்தபோது பக்கவாதம் அடித்தது. கால் தேறியது, பேச்சு தேறியது. விரல்கள் மட்டும் மரத்தது மரத்ததுதான். ஆட்டோவில் ஆக்ஸிலேட்டர் வலது கையில் இருக்கிறது. அதைக்கூட யோசிக்காமல், இன்னும் ஏன் வீட்டிலேயே குந்திக்கொண்டிருக்கிறாய் என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்பான். பதில் சொல்ல அலுப்பாக இருக்கும். வருத்தம்கூட இல்லை, வெறும் அலுப்பு.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா, விரலுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுங்கள், கடுகு பொறுக்குங்கள் என்றார். கடுகு பொறுக்கிக்கொண்டு உட்காருகிற ஆளா நான்? மந்தைவெளியில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் வாசலில் என் ஆட்டோ தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அதையே சின்னதாகச் செய்து பார்ப்போம் என்று தோன்றியது. டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய் அளந்தேன். அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரிக்கு அடையாறில் சமையல் வேலை. அந்த வீடுகளில் தூக்கிப் போடுவதையெல்லாம் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து தருவாள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் பாடி. கிழிந்த குடைத்துணியில் மேல்கூரை. தண்ணீர் பாட்டில் மூடியைச் சுற்றி, தேய்ந்த ஹவாய் செருப்பின் ரப்பரை வளையமாக வெட்டி ஒட்டினால் டயர். பட்டன் கழன்ற பேனாவின் ரீஃபில் குழாயில் ஹேண்டில் பார். ஹெட்லைட்டுக்குத்தான் ரொம்ப நாள் முழித்தேன். கடைசியில் நான் விழுங்குகிற மாத்திரை அட்டையிலேயே அது இருந்தது. மாத்திரை உட்கார்ந்திருந்த கண்ணாடிக் குமிழை வெட்டி, பின்னால் அதே அட்டையின் வெள்ளித்தாளைக் கசக்கி வைத்தேன். அச்சு அசல் ஹெட்லைட்.

மஞ்சள் பெயிண்ட் அடித்ததும் பளபளவென்று கடைப் பொம்மை மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. ரோட்டில் ஓடுகிற வண்டி அப்படியா இருக்கும்? டீ டிகாஷனைப் பஞ்சில் தொட்டு ஓரங்களில் துரு ஏற்றினேன். ஊதுவத்திச் சாம்பலைத் தேய்த்துப் புகை ஏற்றினேன். கோபாலபுரத்தில் ஸ்கூல் சவாரி போனபோது ஒரு கார் உரசிவிட்டுப் போன இடத்தில், ஸ்பூனின் முனையால் அழுத்தி அதே பள்ளத்தை வரவழைத்தேன். சீட் கிழிசலுக்கு நான் போட்டிருந்த பிளாஸ்திரியைக்கூட விடவில்லை. அப்போதுதான் அது என் வண்டி ஆனது.

பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். கை வந்துவிட்டது, பழைய கை வந்துவிட்டது என்றார்கள். வந்த கையா அது? எல்லாமே கண்ணால் செய்தது. பிளேடு எங்கே போகிறது, விரல் எங்கே நிற்கிறது என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் வேலை நடக்கும். ஊசியைச் சூடாக்கி ஓட்டை போட்ட ஒருநாள், சோறு பிசையும்போதுதான் விரல் நுனியில் கொப்புளம் இருப்பதைப் பார்த்தேன். வலிக்கிறதா என்று வீட்டுக்காரி கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மைதான். அதற்கு மேல் நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவளுடைய தம்பி, என் மச்சான், வண்டி சும்மா நின்று வீணாகிறது, நான் எடுத்து ஓட்டட்டுமா என்று கேட்டு வந்தான். அவள் அந்தச் சின்ன ஆட்டோவைத் தூக்கி அவன் மூக்குக்கு நேராகக் காட்டினாள். இதைச் செய்த கைக்கு அதை ஓட்டத் தெரியாதா, ஆயுதபூஜை அன்றைக்கு அவரே எடுப்பார் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ரியர் வியூ கண்ணாடிக்கு வெள்ளித்தாள் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுவதை நிறுத்தவில்லை.

ஆயுதபூஜை வந்தது. மச்சான் காலையிலேயே வந்து வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டான். நான் ஏறி அதை நசுக்கிக்கொண்டு கபாலி கோயில் வரை ஒரு சுற்று போய்வர வேண்டும். மேலே வீட்டில் அரிவாள்மணை, கரண்டி, கத்தரிக்கோலோடு என் அட்டை ஆட்டோவும் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. நெற்றியில் சந்தனப் பொட்டு. எலுமிச்சை அந்தச் சக்கரத்துக்குப் பெரிசு என்று, மூன்று சக்கரத்துக்கும் முன்னால் மூன்று சுண்டைக்காய் வைத்திருந்தாள். அந்த அழகைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"மொதல்ல இத்த ஓட்டுயா. அப்பால கீழ போலாம்," என்றாள்.

கற்பூரம் ஏற்றினாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். சாமிக்கு முன்னால் கண்ணை மூடுவது எனக்கும் சின்ன வயசிலிருந்தே பழக்கம். மூடிக்கொண்டே வலது கையை வண்டி மேல் வைத்துத் தள்ளினேன். பார்க்காமல் அந்தக் கையால் நான் செய்த முதல் வேலை அதுதான். கூரை கைக்குள் இருந்ததா, தெரியவில்லை. தள்ளினேனா, அழுத்தினேனா, அதுவும் தெரியவில்லை. போதாதோ என்று இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

"நசுங்குச்சா?" என்று கேட்டாள்.

"தெர்லமே. நீயே பாத்துச் சொல்லு."

நான் கண்ணைத் திறந்தேன். மூன்று சுண்டைக்காயும் முழுசாக உருண்டு கத்தரிக்கோல் ஓரம் கிடந்தன. ஆட்டோவின் முன்சக்கரம் முறிந்து மடங்கி, ஹெட்லைட் தரையில் அப்பியிருந்தது. என் உள்ளங்கை இன்னும் கூரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கையை என் மடியில் வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, குங்குமத்தைத் தொட்டு வைத்து, தம்பியிடம் கொடுக்கக் கீழே இறங்கிப் போனாள்.

வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் எங்கள் மாடி வரைக்கும் கேட்காது.