பதினேழு கேபிளுக்கும் ஒரே சட்டை

அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்த்து ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. "தம்பிக்கு வலது தோள் அரை அங்குலம் இறக்கம்" என்றார். அதுவரை எனக்கே தெரியாத விஷயம் அது. அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்றால் அந்தத் தோள் ஒன்றுதான் கண்ணில் படுகிறது. பாவி மனுஷன்.

அத்தான் தையல்காரர். ஆண்கள் சட்டை மட்டும்தான் தைப்பார். வீட்டின் முன்னறைதான் கடை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சட்டைகூட அளவு தவறித் திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அது உண்மையாக இருப்பது என்னுடைய எரிச்சல். கழுத்தில் டேப் எப்போதும் தொங்கும். கதவை அளப்பார், தர்பூசணியை அளப்பார், தூங்குகிற பூனையை அளந்துவிட்டு, அது விழித்துக்கொண்டு முறைத்தால் "வயிறு ஒரு அங்குலம் கூடியிருக்கு" என்று அதனிடமே சொல்வார்.

பின்னறை அக்காவுடையது. கல்யாணங்களில் கேமராக்காரர்கள் எட்டு மணி நேரம் எடுத்துத் தருவதை வெட்டி ஒட்டி ஒரு மணி நேரமாக்கித் தருவது அவள் தொழில். அந்த வேலைக்குக் கடையில் விற்கிற கம்ப்யூட்டர் போதவில்லை. உதிரி பாகம் வாங்கி நானே சேர்த்துத் தருகிறேன் என்று அத்தான் கிளம்பினார். நீங்கள் பொத்தான் தையுங்கள், போதும் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? ஒரே மாதத்தில் சேர்த்தும் விட்டார், அது ஓடவும் ஓடியது. நான் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு வருடமாக மின்சாரத்தோடு மல்லுக்கட்டுகிறவன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அது ஓடியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைப்பானேன்.

அவருக்கு வாய்க்காமல் போனது பவர் சப்ளை ஒன்றுதான். பெட்டியின் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் மின்சாரம் பங்கிட்டுக் கொடுக்கிற கனமான டப்பா அது. முதலில் வாங்கியது இரைந்தது. இரண்டாவது சூடேறி நின்றது. மூன்றாவது நிலைத்தது. மூன்றும் மூன்று கம்பெனி. முதல் இரண்டையும் பழைய சாமான் எடுக்கிறவரிடம் போட்டார். ஆனால் அவற்றோடு வந்த கேபிள்களைப் போடவில்லை. கை அகலத் துண்டுத் துணியைக்கூட எதற்காவது ஆகும் என்று எடுத்து வைக்கிற மனுஷன், புத்தம் புதுக் கேபிளைப் போடுவாரா?

இந்த டப்பாக்களில், படங்களைச் சேமித்து வைக்கிற டிரைவுகளுக்குப் போகிற கேபிள்கள் இரண்டு நுனியிலும் கழன்று வரும். வேண்டியதைச் சொருகிக்கொண்டு மிச்சத்தைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி மூன்று டப்பாவுக்கும் சேர்ந்து பதினேழு கேபிள் அவரிடம் இருந்தன. ஓடுவது போக மிச்சமெல்லாம் ஒரே பையில்.

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. ஒருநாள் அக்கா கம்ப்யூட்டரின் பக்கக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே என்ன இது, சீப்பையே காணாத தலை மாதிரி இருக்கிறதே என்று போகிற போக்கில் சொல்லிவிட்டாள். அத்தானுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அவர் கையால் செய்த ஒன்றைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் காலையிலேயே பெட்டிக்கு அளவெடுத்தார். சட்டை அளவு எழுதுகிற நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே 'கம்ப்யூட்டர்' என்று எழுதினார். டப்பாவிலிருந்து முதல் டிரைவ் வரை பதினாறே கால் அங்குலம். வளைவுக்கு ஒன்றரை. டிரைவுக்கும் டிரைவுக்கும் இடையில் இரண்டரை. 'காலர்' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் மட்டும் 'இல்லை' என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை நானே பார்த்தேன்.

பிறகு மாட்டியிருந்ததையும் கழற்றி, பதினேழு கேபிளையும் வெட்டு மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக அளந்தார். ஒரு கேபிளில் மூன்று நான்கு முனைகள் வரிசையாக இருக்கும், முனைக்கு ஒரு டிரைவ். இரண்டு முனைகளுக்கு நடுவே சிலதில் மூன்றரை அங்குலம், சிலதில் ஆறு. எதை டிரைவ் வரிசையில் வைத்தால் தொங்காமல், இழுக்காமல், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காருகிறதோ அதுதான் நல்ல கேபிள் என்பது அவர் கணக்கு. எந்த டப்பாவோடு பிறந்தது என்று பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. நூல் வாங்கினால் நிறம் பார்ப்போம், கண்டு சுற்றிய கம்பெனியையா பார்ப்போம்?

அடுத்தது உறை. கோட்டு உள்பக்கத்துக்குப் போடுகிற கறுப்புத் துணி மிச்சம் இருந்ததாம். பதினேழுக்கும் மெல்லிசாக உறை தைத்தார். தையல் வெளியே தெரியாது. முனை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன மடிப்பு, அதற்குமேல் கைத்தையல். கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த சீட்டுகள் மடிப்பில் முண்டுகின்றன என்று எல்லாவற்றையும் உரித்துப் போட்டார். கடைசியில் பதினேழும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே கறுப்பில், நீளவாரியாக ஹாங்கரில் தொங்கின. சட்டை வாங்க வந்தவர்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் இதில் எத்தனை பாக்கெட் என்று கேட்டிருக்கிறார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்று எனக்கு அப்போது தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பேன்ட் இடுப்பை இரண்டு அங்குலம் தளர்த்தித் தரச் சொல்லி நான் போனேன். அத்தான் பேன்டை வாங்காமல், முதலில் இதைப் பார் என்று பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கம்ப்யூட்டர் தரையில் படுத்திருந்தது. நான்கு டிரைவும் வரிசையாக. இரண்டு கறுப்புக் கேபிள்கள் அழகாக வளைந்து போய் உட்கார்ந்திருந்தன. நிஜமாகவே அழகு, பொய் சொல்லக் கூடாது. கரண்ட் சொருக வேண்டியது ஒன்றுதான் பாக்கி. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவிட்ச் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

இதெல்லாம் இந்த டப்பாவோடு வந்த கேபிள்தானே என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"எதோட வந்தா என்ன மச்சான், எல்லாம் ஒரே மாதிரிதான் சொருகுது."

பிளக்கை அவர் கையிலிருந்து பிடுங்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்தபடியே சொன்னேன்: டிரைவ் பக்கத்து முனை எல்லாக் கேபிளிலும் ஒன்றுதான். டப்பா பக்கத்து முனையில் எந்த ஓட்டையில் எந்த வோல்ட் வரும் என்பது அந்தந்தக் கம்பெனிக்காரன் இஷ்டம். வாய் பொருந்தும், சொருகினால் போகும், ஆனால் ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போய்விடலாம். போனால் டிரைவுக்கு அந்த நிமிஷமே சங்கு.

சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டாள். அவள் ஒரு கல்யாணத்தை முடித்து மறுநாள் கொடுக்க வேண்டியிருந்தது. வெட்டும் வேலை பாதியில் நின்றது. எட்டு மணி நேரமும் மூன்றாவது டிரைவில் இருந்தது. அதற்கு இன்னொரு காப்பி எடுத்து வைத்தது எங்கே என்று கேட்டேன். நான்காவது டிரைவில் என்றாள். பத்திரம் என்று நினைத்து காப்பியை அசலுக்குப் பக்கத்திலேயே, அதே கேபிளில் படுக்க வைத்திருக்கிறார்கள் புருஷனும் பெண்டாட்டியும். கேமராக்காரர் கார்டையெல்லாம் அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டாராம்.

அக்கா கத்தவில்லை. அத்தானைப் பார்த்து, "அவங்ககிட்ட போய் இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்கோங்கன்னா சொல்வேன் நான்?" என்று மட்டும் கேட்டாள். அத்தான் டேப்பின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றார்.

எது சரியான கேபிள் என்று யாருக்குத் தெரியும்? சீட்டு உரித்தாயிற்று. கண்ணுக்குப் பதினேழும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். உறையைப் பிரித்துப் பார்த்தோம், உள்ளேயும் எல்லாம் கறுப்புக் கம்பி. சரி, மீட்டர் வைத்து அளந்தால் தெரிந்துவிடும் என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லிவிட்டு வண்டிப் பையிலிருந்து என் மீட்டரை எடுத்துவந்து திருப்பினேன். அது கண்ணே திறக்கவில்லை. பேட்டரி செத்துப்போயிருந்தது. அத்தான் டிவி ரிமோட்டைத் திறந்து இரண்டு பேட்டரியை எடுத்து நீட்டினார். அப்படி நீட்டியதற்கு இரண்டு வசவு திட்டியிருக்கலாம்.

டிரைவுகளை எல்லாம் கழற்றி அக்கா மடியில் வைத்துக்கொண்டாள். யாரையும் தொட விடவில்லை. மதர்போர்டு என்கிற பெரிய பலகைக்குப் போகிற தடித்த கேபிள் டப்பாவோடு ஒட்டியே பிறந்தது, அதனால் அது தப்பியது. அதன் முனையில் பச்சைக் கம்பிக்கும் கறுப்புக்கும் நடுவே வளைந்த கம்பி ஒன்றைச் செருகினால் டப்பா தனியாக ஓடும். அதற்கு அத்தான் ஒரு குண்டூசியை அளவாக வளைத்துக் கொடுத்தார். மீட்டர் கம்பியின் கூர்முனை கேபிளுக்குள் எட்டவில்லை என்றதும் அதன் நுனியில் தையல் ஊசியைக் கட்டிக் கொடுத்தார். கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் இவ்வளவு வினையும்.

ஒவ்வொன்றாகச் சொருகி அளந்தோம். பதினேழில் ஆறு சரி, பதினொன்று தப்பு. முதல் இரண்டு டிரைவுக்கு அவர் போட்டிருந்தது சரியான கேபிள். மூன்றுக்கும் நான்குக்கும் போட்டிருந்த கேபிளில் ஐந்து வர வேண்டிய இடத்தில் மீட்டர் பன்னிரண்டு காட்டியது. அத்தான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். "ஆனா அதுதான் கச்சிதமா உக்காந்துச்சு" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

சரியான ஆறில் எடுத்து மாட்டினோம். எதிலும் இடைவெளி சேரவில்லை. ஒன்று நடுவில் தொப்பை மாதிரி பிதுங்கியது, ஒன்றின் கடைசி முனை சும்மா தொங்கியது. அத்தான் அதைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோய், பாதியில் இழுத்துக்கொண்டார். அக்கா தானே சுவிட்சைப் போட்டாள். மூன்றாவது டிரைவ் திறந்தது. திரையில் மணப்பெண் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா அந்தச் சிரிப்பை முழுக்க ஓடவிட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தான் எழுந்து முன்னறைக்குப் போனார். பதினொரு தப்பான கேபிளையும் அள்ளி வெட்டு மேசையில் போட்டார். இழுப்பறையிலிருந்து அவருடைய துணி வெட்டும் கத்திரியை எடுத்தார். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் துணியைத் தவிர வேறு எதுவும் படக்கூடாது. ஒருமுறை நான் அதால் ஒரு தபால் உறையின் ஓரத்தை வெட்டிவிட்டதற்கு இருபது நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் கத்திரியால் முதல் கேபிளை நறுக்கென்று இரண்டாக்கினார். கம்பி வெட்டுகிற கட்டர் என் பையிலேயே இருந்தது. எடுத்து நீட்டினேன். அதைப் பார்க்கவும் இல்லை. இரண்டாவதை வெட்டினார், மூன்றாவதை வெட்டினார். ஐந்தாவதில் கத்திரி கடித்தது. வாயில் பல் விழுந்திருக்கும்.

அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். அவளுக்குப் பதறியது. "என்னங்க, அதுல போய் ஏன் வெட்டுறீங்க?"

"வேற எதுல வெட்டினாலும் நான் மறந்துடுவேன்" என்றார் அத்தான்.

அக்கா உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்து, ஆறாவது கேபிளை எடுத்து, அவர் வெட்டுவதற்கு வசதியாக இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.