எஞ்சின் ஓடும்போது சொன்ன சட்டம்

தொழிலாளர் சட்டங்களைக் கவனிக்கும் தொழில் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மின்சாரம் இல்லாததால் மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடும் அச்சுவேலி மிளகாய் ஆலை ஒன்றுக்குத் தூள் அரைக்கப் போயிருந்தேன். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, சுழலும் எஞ்சின் பெல்ட்டுக்கு அருகில் நின்று மிளகாய் கொட்டிக்கொண்டிருந்தாள். முதலாளிக்குச் சட்டத்தை ஆரம்பத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன்.

"தாய்க்குக் கால் ஏலாது ஐயா, நிண்டு வேலை செய்யமாட்டா. அதுதான் மகள் வாறா" என்றார் அவர்.

நான் அடுத்த பிரிவுக்குப் போவதற்குள் சிறுமியின் சடை ரிபனை பெல்ட் இழுத்தது. அரைக்க வந்திருந்த பெண் ஒருத்தி பிள்ளையைப் பின்னால் பறித்தெடுத்தாள். ரிபன் மட்டும் போனது.

"நீங்கள் கதைச்சு முடிய பிள்ளைக்குத் தலை இருந்திராது ஐயா" என்றாள் என்னிடம்.

முதலாளி மறுவாரமே பெல்ட்டுக்குப் பலகை மறைப்புப் போட்டார். உயரமான முக்காலியில் தாயை இருத்தி வேலை பழக்கினார். இன்று எஞ்சினை இயக்குபவளும் அவள்தான். மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

இப்போது இப்படி எதையும் கண்டால், முதலில் எஞ்சினை நிறுத்தச் சொல்கிறேன். சத்தம் அடங்கிய பிறகு சட்டமும் நன்றாகக் கேட்கிறது.